மாடி வீட்டு டிரிப்பர்

ஜனவரி 8, புதன்

முன்வாசல் டைல்ஸ் வேலை ஒருவழியாக இன்று முடிந்தது. மூன்று நாளில் முடிப்பேன் என்று வாய் கிழியப் பேசிய கொத்தனார் ஒன்பது நாள் இழுத்தடித்தான். ஆனாலும் வேலை சுத்தம். மூலையில் கிடந்த, வீட்டு வயரிங்குக்கான எர்த்துக் குழியும் தொலைந்தது. உப்பு, கரி, நடுவில் துருப்பிடித்த ஒரு குழாய், மேலே உடைந்த சிமெண்டு மூடி. முப்பது வருஷமாக வாசலுக்கு அதுதான் அசிங்கம். "குழாய் துருத்திக்கிட்டு நிக்கி அண்ணாச்சி, என்ன செய்ய?" என்று கேட்டான். "அறுத்து எறி. சமமா இருக்கணும்" என்றேன்.

சமம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உலகநாதன், முத்திரை ஆய்வாளர். முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்தவன். ஓய்வு பெற்றாலும் கண் ஓய்வு பெறவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஆவுடை புது வாசலை அடைத்துக் கோலம் போட்டிருந்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாடியில் குடியிருக்கும் ஜெபசெல்வியும் அவள் மகள் கெசியாவும் இறங்கி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஜெபசெல்வி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கணவன் ஆசீருக்குத் தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். கெசியா மூன்றாம் வகுப்பு. ஆவுடையை ஆச்சி, ஆச்சி என்று பின்னாலேயே சுற்றும்.

ஆவுடைக்கு மட்டும் ஒரு குறை. அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் அந்தக் குழியில்தான் ஊற்றுவாளாம். "அதுக்கும் தாகம் எடுக்கும், தெனமும் ரெண்டு செம்பு ஊத்துங்கன்னு வயரிங் பண்ணின இசக்கி அண்ணன் அன்னைக்கே சொன்னாவல்லா?" என்றாள். "குழியே இல்லை, தாகம் எங்கேயிருந்து வரும்?" என்று சிரித்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

காலையிலேயே வம்பு. பேப்பரை விரித்திருக்கிறேன், ஜெபசெல்வி வந்து நிற்கிறாள்.

"சார், பாத்ரூம் குழாயத் தொட்டா கரண்டு அடிக்கு. நேத்து கெசியா கைய உதறிக்கிட்டு வெளிய ஓடியாந்துட்டா."

"ஈரக் கையோட சுவிட்சத் தொட்டிருப்பா."

"சுவிட்ச் அவளுக்கு எட்டாது சார். எனக்கும் அடிச்சிச்சு. வெந்நீருக்கு ஜீசர் போட்டாத்தான் அடிக்கு. ஒரு ஆளக் கூட்டியாந்து பாத்திருங்களேன்."

ஏழு மாதமாக இல்லாத கரண்டு திடீரென்று எங்கேயிருந்து முளைத்தது? பார்க்கிறேன் என்றேன். இந்தக் காலத்தில் வாடகைக்கு வருகிறவர்களுக்கு வீட்டுக்காரன் என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் வேலையாள் என்று நினைப்பு.

ஜனவரி 18, சனி

நானே மாடிக்குப் போய்ச் சோதித்தேன். அடுத்தவர் குளியலறை என்பதால் செருப்பைக் கழற்றவில்லை. குழாயை நன்றாகப் பிடித்தேன். இடது கையால் ஒரு முறை, வலது கையால் ஒரு முறை. ஒன்றுமில்லை. "ஜீசரப் போட்டுட்டுப் பிடிங்க சார்" என்றாள். எனக்கு வேறு வேலை இல்லையா?

ஜனவரி 20, திங்கள்

கடிதம்! கீழே இருக்கிற எனக்கு மாடியிலிருந்து கடிதம்! தேதி போட்டு, பொருள் போட்டு, "தங்கள் கவனத்திற்கு" என்று முடித்து, நகல் ஒன்று தன்னிடம் இருப்பதாக அடியில் குறிப்பு வேறு. முப்பத்தோரு வருஷம் நான் அடுத்தவனுக்கு நோட்டீஸ் கொடுத்தவன். என் வீட்டு வாசலில் வைத்து எனக்கே நோட்டீஸ்.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைக் கொண்டு வயரிங்கையும் எர்த்தையும் சோதிக்க வேண்டுமாம். ஜீசர் என்னுடையது என்பதால் அதையும் நானே பார்க்க வேண்டுமாம். அதோடு விட்டாளா? "மின்கசிவு ஏற்பட்டால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய மாடி டிரிப்பரில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழவில்லை. வேலை செய்கிறதா என்று சந்தேகமாக உள்ளது" என்று எழுதியிருக்கிறாள். இவளுக்கு முன்னால் இருந்த பாங்க்காரர் டிரிப்பர் விழுகிறது, விழுகிறது என்று என் உயிரை எடுத்தார். அதற்கு நான் அப்போதே ஒரு வழி செய்தேன். இப்போது இவள் விழவில்லை என்று உயிரை எடுக்கிறாள். விழாமல் இருப்பதுதானே நல்ல டிரிப்பர்?

கீழ்வீட்டில் எங்கள் டிரிப்பரைப் பற்றி நான் யாரிடமாவது புலம்பியிருக்கிறேனா?

ஜனவரி 21, செவ்வாய்

கடிதத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். என்ன காகிதம் என்று ஆவுடை கேட்டாள். வீட்டு வரி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

இரண்டாவது கடிதம். நான் ஆள் வைக்காவிட்டால் தானே ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டி வருவாளாம், அனுமதி வேண்டுமாம். படியில் வைத்தே சொல்லிவிட்டேன். "என் வீட்டு வயர்ல கண்டவனும் கை வைக்கக் கூடாது. இந்த வீடு கட்டி முப்பது வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல."

"குறை சொல்ல ஆள் இல்லன்னா குறையே இல்லன்னு ஆயிருமா சார்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மேலப்பாளையத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் முன்பு இதேபோல்தான் என்னிடம் மல்லுக்கு நின்றார். வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை எதற்கு, இந்தத் தராசு எங்க அப்பா வைத்தது, இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை என்றார். அந்தத் தராசைப் பறிமுதல் செய்து வண்டியில் ஏற்றினேன். ஏன் இன்று அந்த ஆள் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

ஆசீர் வந்திருந்தான். தன்மையான பையன்தான். மாடிக்கு அழைத்துப் போய் ஜீசரைப் போட்டு, குழாயில் டெஸ்டரை வைத்துக் காட்டினான். எரிந்தது. தெருவில் விற்கிற டெஸ்டர் எங்கே வைத்தாலும் எரியும் என்றேன். சுவரில் வைத்துக் காட்டினான். எரியவில்லை.

"சின்னப் புள்ள குளிக்கிற எடம் அண்ணாச்சி. நான் ஆறு நாளும் அங்க கெடக்கேன். ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு" என்றான்.

"அவ்வளவு பயமா இருந்தா வேற வீடு பாத்துக்கிடுங்க" என்றேன்.

அவன் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். கெசியா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படியிறங்கும்போது எப்போதும் "டாட்டா தாத்தா" என்று சொல்லும். இன்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பதுதானே?

ஜனவரி 27, திங்கள்

மூன்றாவது கடிதம். இதில் ஒரே ஒரு வரி புதியது: "அதுவரை ஜீசரைப் போட்டு, வாளியில் தண்ணீர் பிடித்து, ஜீசரை அணைத்த பிறகே குழந்தையை உள்ளே விடுகிறேன்." சரி, அப்படியே செய்துகொள்ளட்டும். தீர்ந்தது பிரச்சினை. இதுவும் டிராயருக்குப் போயிற்று.

காலையில் கிரைண்டரைத் துடைக்கும்போது கையில் சுருக்கென்றது என்றாள் ஆவுடை. வயதானால் நரம்பு அப்படித்தான் இழுக்கும் என்றேன். எங்கள் டிரிப்பரின் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். டக்கென்று விழுந்தது. பிரமாதமாக இருக்கிறது. நாளை மறுநாள் தை அமாவாசை.

ஜனவரி 29, புதன்

ஆவுடை ஆஸ்பத்திரியில். இன்று வேறு ஒன்றும் எழுத முடியாது.

ஜனவரி 30, வியாழன்

கண் விழித்துவிட்டாள். நாலைந்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வலது உள்ளங்கை வெந்து போயிருக்கிறது. எழுதாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எழுதுகிறேன்.

நேற்று ஆற்றில் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அடுக்களையில் வடைக்கு உளுந்து ஆடிக்கொண்டிருந்தது. கிரைண்டர் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. ஆவுடையின் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எட்டிப் பார்த்தால் ஒரு கையால் கிரைண்டரைப் பிடித்தபடி நிற்கிறாள். தரையெல்லாம் தண்ணீர். வெறுங்கால். உடம்பு முழுதும் உதறுகிறது, கை மட்டும் விடவில்லை.

"ஆவுடை!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடி மெயினை இழுத்துவிட்டேன். விளக்கு அணைந்தது. கிரைண்டர் நின்றது. திரும்பி வந்து பார்க்கிறேன், இன்னும் உதறிக்கொண்டே நிற்கிறாள். என் வீட்டில் ஒரு சொட்டுக் கரண்டு இல்லை. ஆனாலும் அவளை விடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

"தொடாதீங்க சார்!"

ஜெபசெல்வி. என் சத்தம் கேட்டுப் பாதிப் படியில் இறங்கி வந்திருக்கிறாள். அணைந்திருந்த விளக்கைப் பார்த்தாள். ஆவுடையைப் பார்த்தாள். அடுத்த நொடி திரும்பி மாடிக்கு ஓடினாள். எங்களை விட்டுவிட்டு ஓடுகிறாளே என்று அந்த நேரத்திலும் அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் மாடி மெயினை இழுத்தாள். ஆவுடை விழுந்தாள்.

அப்புறம் அந்தப் பெண்தான் எல்லாம். மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள், ஆட்டோ பிடித்தாள், என் துண்டைக் கிழித்துக் கையில் சுற்றினாள். மாடியில் ஜீசர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கெசியாவுக்கு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஆவுடை கிரைண்டரைத் தொட்டாள்.

பிப்ரவரி 1, சனி

இசக்கியை வரவழைத்தேன். இந்த வீட்டுக்கு முதன்முதலில் வயர் இழுத்தவர். முக்கால் மணி நேரம் மேலும் கீழும் ஏறி இறங்கினார். வாசலுக்கு வந்து டைல்ஸைக் காலால் தட்டினார்.

"குழி எங்க அண்ணாச்சி?"

"மூடியாச்சு."

"குழாய்?"

"அறுத்தாச்சு."

டைல்ஸ் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார். "மாடி ஜீசர்ல ரொம்ப நாளாவே கசிவு. அது எர்த்துக் கம்பி வழியா இந்தக் குழிக்குள்ள போயிட்டே இருந்திருக்கு. அதனால யாருக்கும் தெரியல. நீங்க குழாய அறுத்ததும் அதுக்குப் போக்கிடம் இல்ல. ரெண்டு வீட்டுக்கும் எர்த்துக் கம்பி ஒண்ணுதான? மேல கசிஞ்சது கீழ உங்க கிரைண்டருக்கு வந்துட்டு."

"எங்க டிரிப்பர் நல்லாத்தான இருக்கு? அது ஏன் விழல?"

"உங்க டிரிப்பர் உங்க வீட்டுக் கரண்டத்தான் பாக்கும். மதினிய அடிச்சது மாடி வீட்டுக் கரண்டு. அதுக்கு மாடி டிரிப்பர்தான் விழணும். அதத்தான் நீங்க…"

அவர் முடிக்கவில்லை. நான் முடிக்கிறேன். வேறு யார் முடிப்பது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாங்க்காரர் இருந்தபோது மாடி டிரிப்பர் தினமும் விழுந்தது. ஜீசரில் கசிவு இருக்கிறது, மாற்றுங்கள் என்றார் இசக்கி. ஜீசர் வேண்டாம், டிரிப்பரை இல்லாமல் ஆக்கு என்றேன். நான் மாட்டேன், உயிர் விவகாரம் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானே திருப்புளியை எடுத்தேன். டிரிப்பருக்குள் போகாமல் இரண்டு வயரையும் நேராகச் சேர்த்தேன். டப்பா மட்டும் பார்வைக்குச் சுவரில் இருந்தது. கீழ்வீட்டில் அப்படிச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? கீழ்வீட்டில் நான் இருக்கிறேன். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடியில் ஈயத்தைக் குடைந்து எடுத்துவிட்டு மேலே முத்திரை தெரிகிற மாதிரி வைத்திருந்த படிக்கற்களை எத்தனை கடையில் பிடித்திருப்பேன்! எத்தனை பேரைச் சந்தையில் நாலு பேர் முன்னால் நிற்க வைத்துத் திருடன் என்று திட்டியிருப்பேன்! அவர்கள் திருடியது அரிசியிலும் பருப்பிலும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கொத்தனாரைக் கூப்பிடவில்லை. கடப்பாரையை எடுத்து நானே மூலை டைல்ஸை உடைத்தேன். மூச்சு வாங்கியது. எதிர்வீட்டுக்காரர் வந்து "புது டைல்ஸ உடைக்கீங்களே, வாஸ்துவா?" என்று கேட்டார். "இல்ல, புத்தி" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. டைல்ஸ் முடிந்த ஒன்பதாம் நாள் தரையைப் பார்த்து ரசித்துக்கொண்டு நின்ற அந்த உலகநாதன் இப்போது என் கையில் கிடைத்தால் நடப்பது வேறு.

பிப்ரவரி 5, புதன்

ஆவுடை வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் கட்டு. இசக்கி புதுக் குழி வெட்டி, மாடியில் புது ஜீசரும் புது டிரிப்பரும் மாட்டி, இரண்டு வீட்டையும் கருவி வைத்து அளந்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றாக ஆவுடைக்குக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் புள்ள மூணு கடுதாசி குடுத்துச்சாமே. ஏங்க எங்கிட்ட வீட்டு வரின்னு சொன்னீய?"

டிராயரைத் திறந்து மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் பிரித்து வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தாள். மூன்றாவதை இரண்டு தடவை படித்தாள். அதில்தான் கெசியா குளிக்கிற விஷயம் இருந்தது. மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெபசெல்வி குடும்பம் காலி செய்தது. வேன் நின்றுகொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, மேலே போனேன்.

"எல்லாம் சரி பண்ணியாச்சேம்மா. இருக்கலாமே."

"நல்லாப் பண்ணியிருக்கீங்க சார். ஆனா கெசியா இன்னும் குழாயத் தொடமாட்டேங்கா. கம்ப வச்சுத்தான் திருப்புதா."

"போகப் போகச் சரியாயிரும்."

அவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "சார், உங்க வீட்டு அம்மாவுக்குக் கரண்டு அடிச்ச பிறகுதான் நீங்க பண்ணீங்க. எம்பொண்ணுக்கு அடிக்குன்னு நான் ஜனவரி பதினேழாம் தேதியே வந்து சொன்னேன். உங்களுக்கு அவ போதல. அந்த வீட்டுல நான் எப்படி சார் இருக்க?"

அவள் கீழே வைத்த பெட்டியை நானே எடுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினேன்.

கெசியா ஆவுடையைக் கட்டிப்பிடித்து அழுதது. அவள் கட்டுப் போட்ட கையை மட்டும் தொடாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டது. என்னிடம் டாட்டா சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாடி வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். துரைப்பாண்டி என்று பெயர், இன்சூரன்ஸ் வேலை. மனைவி, கைக்குழந்தை. வாசல் எந்தத் திசை என்று கேட்டான். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று கேட்டான். கார் நிறுத்த இடம், ஆணி அடிக்கலாமா, அசைவம் சமைக்கலாமா, எல்லாம் கேட்டான். பிடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சலாமா என்று கிளம்பப் பார்த்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேற ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"வேற என்ன சார்?"

"வயரிங் எப்படி இருக்கு, எர்த்து இருக்கா, கடைசியா எப்ப சோதிச்சதுன்னு கேக்க மாட்டீங்களா? கைக்குழந்தைய வச்சிருக்கீங்க!"

அவன் சிரித்தான். "அதெல்லாம் வீட்டுக்காரர் நீங்க பாத்துக்கிட மாட்டீங்களா சார்? உங்களப் பாத்தாலே தெரியுது."

பார்த்தாலே தெரிகிறதாம்! என்ன மனிதன் இவன்! பாத்திரக் கடையில் ஒரு டம்ளர் வாங்கினால்கூட நாலு தட்டுத் தட்டிப் பார்க்கிறவன், பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து குடிவைக்கிற வீட்டை என் மூஞ்சியைப் பார்த்து நம்புகிறானே! நெற்றியில் விபூதி இருந்தால் ஜீசர் கசியாதா? கையைப் பிடித்து இழுக்காத குறையாக மீட்டர் பெட்டி பக்கம் கூட்டிப் போனேன். அங்கே அட்டை ஒன்று தொங்குகிறது. சோதித்த தேதி, இசக்கியின் கையெழுத்து, அவர் கூட்டி வந்த லைசென்ஸ்காரரின் கையெழுத்து, அடுத்த சோதனைக்கான தேதி. சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். இந்தத் தேதி தாண்டி ஒரு நாள் ஆனாலும் எனக்குக் கடிதம் எழுத வேண்டும், நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவன் மனைவி மட்டும் சிரிக்காமல் தலையாட்டினாள்.

பிறகு மாடிக்குப் போனோம். ஃபேனைப் போட்டேன். டிரிப்பரைக் காட்டி, "பொத்தான அமுக்குங்க" என்றேன். அவன் தயங்கினான். அவன் மனைவிதான் முன்னால் வந்து அமுக்கினாள். டக்கென்றது. ஃபேன் மெல்ல நின்றது.

மாடிக் கைப்பிடியோரம் வந்து எட்டிப் பார்த்தேன். கீழே வாசல் மூலையில் ஆவுடை இடது கையில் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். புதுக் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"விழுந்துட்டு" என்றேன்.